நெருப்பு அழிக்காத நஞ்சு

உரைநடை உலகம்

நுழையும்முன்

‘எரித்துவிட்டால் எல்லாம் ஒழிந்தது’ என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. நெருப்பு தூய்மை செய்யும் என்பது பெருமளவு உண்மையே. நோய்க்கிருமிகள் நெருப்பில் மடிகின்றன. துணியும் பஞ்சும் சாம்பலாகின்றன. ஆயினும் நெருப்பினால் அழிக்க இயலாத பொருள்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று பாதரசம். கழிவுகளை எரிக்கும் உலைகளிலிருந்து பாதரசம் எவ்வாறு காற்றில் கலக்கிறது, அதனைத் தடுக்கும் வழிகள் யாவை, அவற்றுள் முதன்மையான வழி எது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

எல்லை அறியாக் காற்று

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைக்கு அருகே, சேலத்தையும் ஜோலார்பேட்டையையும் இணைக்கும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் சாமல்பட்டி. மாமரங்களும் கற்பாறைகளும் ஏரிகளும் சூழ்ந்த நிலம் இது. இதன் மேற்கே போச்சம்பள்ளியிலும் வடமேற்கே பர்கூரிலும் தொழிற்பூங்காக்கள் உள்ளன. அவற்றுக்கும் அப்பால் ஓசூரின் தொழிற்பேட்டைகள். ஓசூரைக் கடந்தால் கர்நாடக எல்லை. அதனை ஒட்டிப் பெங்களூரு மாநகரம். ஆலைகள் பெருகிய இடத்தில் மக்கள் பெருகுகின்றனர். மக்கள் பெருகிய இடத்தில் மருத்துவமனைகள் பெருகுகின்றன. இவை அனைத்தும் நாள்தோறும் கழிவுகளை உண்டாக்குகின்றன.

மாநிலங்களுக்கு எல்லைக்கோடு உண்டு, காற்றுக்கு இல்லை. ஆனி, ஆடித் திங்கள்களில் மேலைக்காற்று கர்நாடக மேட்டுநிலத்தைத் தாண்டி இம்மாவட்டத்தின் மீது வீசுகிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறும் எல்லையைக் கடந்தே கெலவரப்பள்ளி அணைக்கும் கிருஷ்ணகிரி அணைக்கும் வந்து சேர்கிறது. ஆகவே, எல்லைப்புறத்து ஊர்களில் வாழ்வோர் தம் ஊர்ப் புகையை மட்டுமன்றி, அயலூர்ப் புகையையும் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்.

பாதரசத்தின் இயல்பு

இயல்பான வெப்பநிலையில் நீர்ம நிலையில் இருக்கும் ஒரே உலோகம் பாதரசம். இதன் அணு எண் 80. நீரைவிட ஏறத்தாழ பதின்மூன்றரை மடங்கு அடர்த்தி உடையது. சித்த மருத்துவ நூல்கள் இதனை இரசம் என்றும் சூதம் என்றும் வழங்குகின்றன. ஓரிடத்தில் நில்லாது உருண்டோடும் இயல்பும் வெள்ளியை ஒத்த ஒளியும் பழங்காலம் முதலே மனிதரை ஈர்த்து வந்தன. வெப்பத்திற்கு ஏற்பச் சீராக விரியும் பண்பினால் வெப்பமானியிலும், அடர்த்தி மிகுதியால் இரத்த அழுத்தமானியிலும் இது இடம்பெற்றது. ஒளிரும் குழல்விளக்குகளிலும் சிறிதளவு பாதரசம் உண்டு.

இரும்பு காற்றில் ஆவியாவதில்லை; பாதரசமோ அறை வெப்பநிலையிலேயே மெல்ல ஆவியாகிறது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உடைந்த வெப்பமானியிலிருந்து சிதறிய துளிகள் தரையின் இடுக்குகளில் தங்கிவிட்டால், அந்த அறையில் இருப்போர் தம்மை அறியாமலேயே அதனைச் சுவாசிக்கின்றனர். பாதரசத்தின் கொதிநிலை ஏறத்தாழ 357 பாகை செல்சியசு. கழிவு எரிக்கும் உலையின் வெப்பநிலை இதனைவிட இருமடங்கிற்கும் மேற்பட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

உலையில் நிகழ்வது என்ன?

கழிவுகளை எரிப்பதில் எழும் நச்சுப் பொருள்கள் இருவகைப்படும். ஒருவகை, எரியும்பொழுது உருவாகும் சேர்மங்கள், டையாக்சின்கள் இவ்வகையின. இவை பல தனிமங்கள் கூடி அமைந்தவை. உயர்ந்த வெப்பத்தில் போதிய நேரம் வைத்திருந்தால் இவை சிதைந்துவிடும். இதற்காகவே மருத்துவக் கழிவு உலையில் இரண்டு அறைகள் அமைக்கப்படுகின்றன. முதல் அறையில் கழிவு எரிகிறது; இரண்டாம் அறையில் அப்புகை மீண்டும் எரிக்கப்படுகிறது.

மற்றொரு வகை, கழிவிலேயே அடங்கியிருக்கும் உலோகங்கள். பாதரசம் ஒரு தனிமம். தனிமத்தைச் சிதைக்கும் ஆற்றல் எந்த அடுப்பிற்கும் இல்லை. உலையின் வெப்பத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பாதரசம் பாதரசமாகவே இருக்கும். உண்மையில், வெப்பம் அதற்கு விடுதலை தருகிறது. குப்பையில் துளியாகக் கிடந்தது ஆவியாகி, புகைபோக்கியின் வழியே வானை அடைகிறது. ஈயம் போன்ற உலோகங்களின் பெரும்பகுதி சாம்பலில் தங்கிவிட, பாதரசத்தின் பெரும்பகுதி புகையோடு வெளியேறுவதன் காரணம் இதுவே.

புகை குளிரத் தொடங்கும்பொழுது அந்த ஆவி மூன்று வடிவங்களை எய்துகிறது. ஒரு பகுதி மாற்றமின்றித் தனிம ஆவியாகவே இருக்கும். ஒரு பகுதி, கழிவிலிருந்து வந்த குளோரினோடு சேர்ந்து பாதரசக் குளோரைடாக மாறும். எஞ்சியது புகையிலுள்ள நுண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். குளோரைடு நீரில் கரைவதால் உலையைச் சுற்றியுள்ள நிலத்திலும் நீர்நிலைகளிலும் மழையோடு இறங்குகிறது. தனிம ஆவியோ நீரில் எளிதில் கரைவதில்லை. அது பல மாதங்கள் காற்றிலேயே உலவி, தொலைநாடுகள் வரை செல்லவல்லது. இவ்வாறு, ஓர் ஊரில் எரித்த குப்பை அவ்வூரின் சிக்கலாகவும் உலகின் சிக்கலாகவும் ஆகிறது.

[தெரிந்து தெளிவோம்
பாதரச வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவதற்கான பன்னாட்டு உடன்படிக்கை, ‘மினமாட்டா உடன்படிக்கை’ எனப்படும். இது 2013 அக்டோபரில் ஜப்பானில் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014இல் கையொப்பமிட்டு, 2018இல் உறுதியேற்றது. காற்றில் பாதரசத்தை வெளியிடும் ஐந்து வகை நிலையங்களை இவ்வுடன்படிக்கை பட்டியலிடுகிறது: நிலக்கரி மின்நிலையங்கள், நிலக்கரியில் இயங்கும் தொழிற்சாலைக் கொதிகலன்கள், இரும்பல்லாத சில உலோகங்களை உருக்கும் ஆலைகள், கழிவு எரிக்கும் உலைகள், சிமெண்டு ஆலைகள்.]

காற்றிலிருந்து கருவறை வரை

வானிலிருந்து இறங்கிய பாதரசம் ஏரியையும் ஆற்றையும் அடைந்து சேற்றில் படிகிறது. அங்கு வாழும் சிலவகை நுண்ணுயிரிகள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாதரசத்தின் வடிவங்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று இது. நுண்பாசியிலிருந்து சிறு பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் இது ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் இதன் செறிவு பெருகுகிறது. நீரில் அளந்தறிய அரிதாக இருந்தது, பெருமீனின் தசையில் நஞ்சாக நிற்கிறது. இதனை உயிரியப் பெருக்கம் என்பர்.

மனித உடலுக்குள் வந்த மெத்தில் பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து, கருவில் வளரும் குழந்தையின் மூளையைச் சென்றடைகிறது. தாய்க்கு நோயின் அறிகுறி சிறிதும் தோன்றாத நிலையிலும் குழந்தை பாதிக்கப்படலாம் என்பதே இதன் கொடுமை.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியது ஜப்பானின் மினமாட்டா என்னும் கடற்கரை ஊர். சிஸ்ஸோ என்னும் வேதித் தொழிற்சாலையின் கழிவுநீர் அவ்வூர் விரிகுடாவில் கலந்தது. முதலில் பூனைகள் தடுமாறி விழுந்து மடிந்தன. பின்னர் மீனை நாள்தோறும் உண்ட மீனவக் குடும்பங்கள் நடை தளர்ந்து, பார்வை குன்றி, பேச்சுக் குழறித் துன்புற்றன. 1956 மே 1 அன்று அந்நோய் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. ஆயினும் அதற்கு ஆலைக்கழிவே காரணம் என்பதை அரசு ஏற்க 1968 ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் மக்கள் அம்மீனை உண்டுகொண்டே இருந்தனர். அறிவியல் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் காலத்தில், நஞ்சு காத்திருப்பதில்லை.

கொடைக்கானல் கற்பித்த பாடம்

மினமாட்டா நமக்குத் தொலைவானது என எண்ண இடமில்லை. தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1980களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்க்கப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. அங்குச் செய்யப்பட்ட வெப்பமானிகள் பெரும்பாலும் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. உடைந்த கண்ணாடிகளோ இங்கேயே தங்கின.

2001 மார்ச்சில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊரிலிருந்த பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்து கிடப்பதை மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவிற்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் நிறுவனத்திற்கும் இடையே 2016இல் உடன்பாடு ஏற்பட்டது. மூடிய நாளிலிருந்து அதுவரை கடந்த ஆண்டுகள் பதினைந்து.

கொடைக்கானல் கழிவு எரியுலையைச் சார்ந்த நிகழ்வன்று. ஆயினும் நம் பாடத்திற்குத் தேவையான ஓர் உண்மையை அது காட்டுகிறது. தொழிற்சாலை சோலைக்காட்டின் ஓரத்தில் இருந்தது. ஏரியோ ஊரின் நடுவில் உள்ளது. எனினும் அறிவியலாளர்கள் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீன்களிலும் பாதரசத்தைக் கண்டறிந்தனர். மரங்களில் படரும் பாசியினங்களிலும் அது தென்பட்டது. வேர்வழி உணவு கொள்ளாத இவ்வுயிர்கள், தம் உடல் முழுவதாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உணவை ஏற்பவை. அவற்றில் பாதரசம் இருந்தது என்றால், அது காற்றுவழி வந்தது என்பதே பொருள். ஆய்வுக்கருவி இல்லாத இடத்திலும் மரத்தின் பாசி சாட்சியம் கூறுகிறது.

புகைபோக்கியில் ஒரு காவல்

உலையிலிருந்து எழும் பாதரசத்தைப் பிடிக்க இயலாதா எனில், இயலும். முதலாவது செய்ய வேண்டுவது புகையைக் குளிர்வித்தல். வெப்பம் மிகுந்த புகையில் பாதரசம் எதிலும் ஒட்டாது. குளிர்ந்த புகை நீர்த்தெளிப்புக் கலத்தின் வழியே செலுத்தப்பட்டால், நீரில் கரையும் பாதரசக் குளோரைடு பிடிபடுகிறது. துகள்களில் ஒட்டியிருப்பதைத் துணிப்பை வடிப்பான்கள் தடுக்கின்றன. இவ்விரண்டிற்கும் அகப்படாமல் தப்புவது தனிம ஆவி. அதனைப் பிடிக்க, கிளர்வூட்டிய கரித்தூளைப் புகையோட்டத்தில் தூவுகின்றனர். எண்ணற்ற நுண்துளைகளை உடைய அக்கரியின் பரப்பு ஆவியை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. கந்தகம் ஏற்றிய கரி, பாதரசத்தோடு வேதிப்பிணைப்பும் கொள்வதால் மேலும் பயன் தருகிறது.

ஆயினும் இங்கே ஒரு நுட்பத்தை உணர வேண்டும். பிடிபட்ட பாதரசம் அழிந்துவிடவில்லை; இடம் மாறியிருக்கிறது. புகையில் இருந்தது கரித்தூளுக்கும் கழுவிய நீருக்கும் வந்திருக்கிறது. அக்கரியை மீண்டும் உலையிலிட்டால், பிடித்தது மீண்டும் பறக்கும். நீரை ஓடையில் விட்டால், காற்றில் தடுத்தது ஆற்றில் சேரும். எனவே அவை தீங்கு தரும் கழிவாகக் கருதப்பட்டு, நீர் கசியாதவாறு அமைக்கப்பட்ட பாதுகாப்பான நிலநிரப்பிடங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய இடம் ஒன்று உள்ளது.

சட்டம் வகுத்த எல்லை

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் எரியுலைகளுக்கான அளவுகளை வரையறுத்துள்ளன. முதல் அறையின் வெப்பநிலை குறைந்தது 800 பாகை செல்சியசு. இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1050 பாகை. இரண்டாம் அறையில் புகை குறைந்தது 2 நொடி தங்குதல் வேண்டும். புகைபோக்கியின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்குக் குறையலாகாது. வெளியேறும் புகையில், இயல்பு நிலையில் அளந்த ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருத்தல் கூடாது. குளோரின் கலந்த நெகிழிகளை எரித்தலும் கூடாது.

இவ்விதிகளுள் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். புகைபோக்கி உயர்ந்தால் புகை பரவி நீர்த்துப்போகும் என்பது உண்மை. ஆனால் பாதரசத்தைப் பொறுத்தவரை, உயரம் அதனைக் குறைப்பதில்லை, தொலைவிற்கு அனுப்புகிறது. அண்டை வீட்டார் பெறும் பங்கு குறைந்து, அறியாத ஊரார் பெறும் பங்கு கூடுகிறது.

ஒரு வெப்பமானியின் கணக்கு

காய்ச்சலைப் பார்க்கும் பாதரச வெப்பமானி ஒன்றில் ஏறத்தாழ 1 கிராம் பாதரசம் இருப்பதாகக் கொள்வோம். அது 1,000 மில்லிகிராம். விதி ஏற்கும் அளவு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். 1,000த்தை 0.05ஆல் வகுத்தால் கிடைப்பது 20,000. அதாவது, ஒரே ஒரு வெப்பமானி உலைக்குள் விழுந்தால், 20,000 கன மீட்டர் புகைக்கு ஏற்கப்பட்ட பாதரசம் முழுவதையும் அதுவே தந்துவிடும். மணிக்கு 2,000 கன மீட்டர் புகையை வெளிவிடும் உலை எனில், அது பத்து மணி நேரத்திற்கான அளவு.

புகைபோக்கியின் கருவிகள் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துவிடுகின்றன என்று கொண்டாலும், எஞ்சிய ஒரு பங்கு ஒரு மணி நேரத்திற்கான அளவை நிரப்பிவிடுகிறது. வெப்பமானிக்கே இந்நிலை எனில், 80 கிராம் பாதரசம் உள்ள ஓர் இரத்த அழுத்தமானி விழுந்தால் எண்பது மணி நேரத்திற்கான அளவு சில நிமிடங்களில் வெளியேறும். எத்தனை சிறந்த வடிப்பானும் கைத்தவறு ஒன்றிற்கு ஈடுகொடுக்க இயலாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

மஞ்சள் பைக்கு முன்னால்

மருத்துவமனையில் கழிவுகளைப் பிரித்திட நிறம் வகுத்த பைகளும் கலங்களும் உள்ளன. எரிக்கத்தக்கவை மஞ்சள் பைக்கு உரியவை. தொற்று நீக்கி மறுசுழற்சிக்கு அனுப்பத்தக்க நெகிழிகள் சிவப்புப் பைக்கும், ஊசி முதலியன துளைபடாத வெள்ளைக் கலத்திற்கும், கண்ணாடிப் பொருள்கள் நீலக் குறியிட்ட பெட்டிக்கும் உரியவை. உடைந்த பாதரச வெப்பமானி இவற்றுள் எதற்கும் உரியதன்று. அது தனியே, மூடிய கலத்தில், தீங்கு தரும் கழிவாகச் சேமிக்கப்பட வேண்டும். நெருக்கடியான பணிவேளையில், அதனை அருகிலுள்ள மஞ்சள் பையில் போட்டுவிடுவது எளிது. அந்த ஒரு நொடியில்தான் புகைபோக்கியின் நிலை முடிவாகிறது.

அந்நொடியில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் பொறியாளரோ அலுவலரோ அல்லர். ஒரு செவிலியர் அல்லது தூய்மைப் பணியாளர். கழிவினால் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே. ஆகவே அவருக்குப் பயிற்சியும் கையுறையும் தனிக்கலமும் பணி செய்யப் போதிய நேரமும் அளிப்பது, பல இலட்சம் விலையுள்ள வடிப்பானுக்கு நிகரான பாதுகாப்பாகும். அவரைக் குறைகூறுவதால் ஒரு துளி பாதரசமும் குறையாது.

இதனினும் சிறந்தது, பாதரசம் மருத்துவமனைக்குள் வராமலேயே தடுப்பது. மின்னணு வெப்பமானிகளும் பாதரசமில்லா அழுத்தமானிகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. மினமாட்டா உடன்படிக்கையும் பாதரசக் கருவிகளைப் படிப்படியாகக் கைவிடச் சொல்கிறது. இல்லங்களில் எரிந்துபோன குழல்விளக்குகளை உடைக்காமல் தனியே சேர்த்து ஒப்படைப்பதும், குப்பையைத் தெருவோரத்தில் கொளுத்தாதிருப்பதும் நம் கைக்கு எட்டிய செயல்கள். தெருவோரத் தீயில் வடிப்பானும் இல்லை, அளவுகோலும் இல்லை, முப்பது மீட்டர் உயரமும் இல்லை.

[தெரியுமா?
வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தினால் துடைப்பத்தாலோ தூசி உறிஞ்சியாலோ அள்ளுதல் கூடாது. துளிகள் மேலும் சிதறி ஆவியாதல் மிகும். சன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியேற்ற வேண்டும். தங்க நகைகளைக் கழற்றிவிட்டு, கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள கலத்தில் இட வேண்டும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றலாகாது.]

நோய்முதல் நாடுவோம்

எரியுலையே வேண்டாம் என்பது இப்பாடத்தின் முடிவன்று. தொற்றுள்ள கழிவைத் தெருவில் எறிவதைவிட முறையாக எரிப்பது நன்று. எதை எரிப்பது, எதை எரிக்கலாகாது என்று அறிவதே அறிவு. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதெனத் தெளிந்து, அது தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். புகையில் கலந்த பாதரசம் நோய்; மஞ்சள் பையில் விழுந்த வெப்பமானி அதன் காரணம். புகைபோக்கியின் உச்சியில் தேடும் மருந்தைவிட, கழிவைப் பிரிக்கும் கையில் இருக்கும் மருந்து எளியது, மலிவானது, உறுதியானது.

சாமல்பட்டியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இன்று பயிலும் மாணவருள் சிலர் நாளை செவிலியராவர். சிலர் ஆலைப் பணியாளராவர். சிலர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலராவர். அவர்கள் எப்பணியில் இருப்பினும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊருக்கும் இடையே நிற்பவர்கள் தாங்களே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு ஆசிரியருடன் சென்று, கழிவுகள் பிரிக்கப்படும் முறையைக் கண்டறிந்து அறிக்கை எழுதுக.
2. ‘குப்பையை எரிப்பது தூய்மையாகுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. பயன்படாத குழல்விளக்குகளைத் தனியே சேகரிக்க ஏற்பாடு செய்யுமாறு ஊராட்சி மன்றத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.

அருஞ்சொற்பொருள்

சூதம் – பாதரசம்
எரியுலை – கழிவை எரித்துச் சாம்பலாக்கும் உலை
பரப்புக் கவர்தல் – ஒரு பொருளின் மேற்பரப்பு மற்றொன்றை ஈர்த்து வைத்துக்கொள்ளுதல்
உயிரியப் பெருக்கம் – உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல நஞ்சின் செறிவு மிகுதல்

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. உலையின் வெப்பத்தை உயர்த்தினும் பாதரசம் அழியாமைக்குக் காரணம்
அ) அது நீரில் கரைவது ஆ) அது தனிமமாக இருப்பது இ) அது அடர்த்தி மிக்கது ஈ) அது நிறமற்றது

2. பொருத்தமானதைத் தேர்க.
அ) பாதரசக் குளோரைடு – 1. கிளர்வூட்டிய கரி
ஆ) துகளில் ஒட்டிய பாதரசம் – 2. நீர்த்தெளிப்புக் கலம்
இ) தனிம ஆவி – 3. துணிப்பை வடிப்பான்

குறுவினா

1. பாதரசத்தின் பெரும்பகுதி சாம்பலில் தங்காமல் புகையோடு வெளியேறுவது ஏன்?
2. கொடைக்கானலின் மரப்பாசிகள் உணர்த்திய உண்மை யாது?

சிறுவினா

1. ‘பிடிபட்ட பாதரசம் அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது’ – விளக்குக.
2. மினமாட்டா நிகழ்விலிருந்து அரசும் மக்களும் கற்க வேண்டியவற்றைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

1. ‘பாதரச வெளியேற்றத்தைத் தடுக்கும் இடம் புகைபோக்கியா, கழிவைப் பிரிக்கும் கையா?’ – பாடப்பகுதியின் கணக்கைக் கொண்டு உம் கருத்தை நிறுவுக.